பள்ளத்துப் பனி

டிசம்பர் மாதத்தில், பொழுது புலருமுன்பே உதகையின் காந்தல் குருசடிக்குப் பூசை காணச் செல்பவர்கள், வழியோரப் புல்லின்மீதும் வேலிக் கம்பியின்மீதும் உப்பைத் தூவினாற்போல் வெளேரென்று படிந்து கிடக்கும் உறைபனியை நன்கு அறிவார்கள். ஊர்ப்பெயரின் மூலம் எதுவாயினும், காந்தல் என்றால் தமிழில் தீய்ந்துபோனது என்று பொருள். அப்பெயர் தாங்கிய இடம் இப்படிக் குளிரில் விறைத்துக் கிடப்பதை எண்ணி நான் சிரித்ததுண்டு. பனிபட்ட தேயிலைக் கொழுந்தைக் கண்டபின் சிரிப்பு அடங்கிவிட்டது. வெயில் ஏறியதும் அது நெருப்பில் வாட்டியதைப் போலவே கருகிப்போகிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் திருச்சபை எசாயா தீர்க்கதரிசியின் வாக்கையே தன் பிரார்த்தனையாக்கி, நீதிமானைப் பனியாகப் பொழியுமாறு வானத்தை வேண்டுகிறது. ஆண்டில் பாதி மழையே காணாத பாலஸ்தீனத்தில் இரவுப் பனி பயிருக்கு ஜீவாதாரம். அந்நாட்டார் அப்படிக் கேட்டது நியாயமே. நீலகிரியில் நின்றுகொண்டு அதே பிரார்த்தனையைச் சொல்லும் நாம், கேட்பது இன்னதென்று அறிந்துதான் கேட்கிறோமா என்ற ஐயம் எனக்கு உண்டு.

“மேகம் மூடின ராத்திரி பயமில்லீங்க ஐயா, வானம் தெளிஞ்சாத்தான் பயம்” என்று தோட்டத்து மேஸ்திரி ஒருவர் ஒருமுறை என்னிடம் சொன்னார். மேகம் பூமிக்குக் கம்பளி போன்றது. அது விலகி, காற்றும் அசையாத இரவில், பகலெல்லாம் மண் சேர்த்த வெப்பம் தடையின்றி மேலே போய்விட, குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே மேட்டுச் செடி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ள, பள்ளத்துச் செடியே கருகுகிறது.

பள்ளங்களெல்லாம் நிரவப்பட வேண்டும் என்ற ஸ்நாபக அருளப்பரின் அறைகூவலை ஆண்டுதோறும் கேட்டும், அது ஏதோ ராஜபாட்டை செப்பனிடும் விவகாரம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்த எனக்கு, மேஸ்திரியின் பேச்சுக்குப் பின்னரே என் பள்ளம் எது என்று தேடத் தோன்றியது. தேட அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. தகப்பனார் விட்டுப்போன வீட்டின் பங்கு பற்றிய தகராறில் எனக்கும் என் தம்பிக்கும் ஏழு ஆண்டுகளாகப் பேச்சில்லை. அந்த ஏழு ஆண்டுகளிலும் டிசம்பர் முதல் தேதியன்றே வாசலில் நட்சத்திரம் கட்டியிருக்கிறேன். பாசி சேகரித்துக் குடில் ஜோடித்திருக்கிறேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் முழந்தாளிட்டு, கோபம், ஜெபத்தில் அசிரத்தை என்று மனப்பாடமான ஜாபிதாவை ஒப்பித்துவிட்டு, தம்பியின் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘குடும்ப மனஸ்தாபம்’ என்ற பொதுச்சொல்லைப் போட்டுக் கடந்திருக்கிறேன். பாவத்தைக்கூட மரியாதையான உடை உடுத்தி அழைத்துச் செல்லும் சாமர்த்தியம் படித்தவர்களுக்கு அதிகம்.

ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்துத் தூர் நகரத்து ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்துக்கு மூன்று நாள் உபவாசம் விதித்தார். இன்று அந்தக் கட்டாயம் இல்லை. நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலத்தின் ஊதா உடையும், பூசையில் ‘உன்னதங்களிலே’ கீதம் பாடாத மௌனமும் மட்டும், விழா இன்னும் வரவில்லை என்று நினைவூட்டுகின்றன. உதகையின் சேரிங் கிராஸ் கடைகளிலோ நவம்பரிலேயே அது வந்துவிடுகிறது. உபவாசம் எனக்கு எளிதாகவே இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. பட்டினி கிடப்பதற்குத் தம்பியின் முகத்தில் விழிக்க வேண்டிய அவசியமில்லை.

இவ்வாண்டு முதல் ஞாயிறன்று, நட்சத்திரத்தைப் பெட்டியிலேயே விட்டுவைத்து, பங்கு என்ற சொல்லே இல்லாமல் அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு தாளைக் கிழித்தபிறகுதான் அது கைகூடியது. அவன் இருப்பது குன்னூரில், இருபது கிலோமீட்டருக்குள். இன்று மூன்றாம் ஞாயிறு. சாமியார் ரோஜா நிற உடையில் பூசை வைத்தார். பதில் இன்னும் வரவில்லை.