வள்ளலார் சொன்ன ஒரு பிடி

வயிறு நிறைய வேண்டும், உடம்பு ஏறக் கூடாது. எங்கள் வயதுப் பெண்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போது பேச்சு இதில்தான் வந்து நிற்கிறது. காலையில் எதைச் சாப்பிட்டால் பதினொரு மணிக்குப் பசிக்காது, சர்க்கரையும் கூடாது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். இதை வெறும் சமையல் குறிப்பாக எடுத்துக்கொண்டு போய்விடலாம். என்னால் முடியவில்லை. நான் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. வடலூர் பக்கத்தில்தான். காலை எட்டேகாலுக்கு எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்காருவார்கள். குறைத்துச் சாப்பிடச் சொல்லி மருத்துவர் அனுப்பிய நான், நிறையச் சாப்பிட வேண்டிய அவர்கள் முன்னால் நிற்கிறேன். அங்கே நிற்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. தன் பசியை அளந்து சாப்பிடுவது அறத்தில் சேருமா, இல்லை அது உடம்பைப் பார்த்துக்கொள்ளும் காரியம் மட்டும்தானா?

முதலில் அடுப்படி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதில் மர்மம் ஒன்றும் இல்லை. வயிற்றுக்குக் கலோரி எண்ணத் தெரியாது. இரைப்பை எவ்வளவு விரிந்தது என்பதை நரம்பு மூளைக்குச் சொல்கிறது; குடலில் சுரக்கும் ஹார்மோன்கள் அதே சேதியைக் கொஞ்சம் தாமதமாகக் கொண்டுபோகின்றன. அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்பவருக்குப் போதும் என்று தோன்றுவதற்குள் தோசை இரண்டு கூடுதலாக உள்ளே போய்விடுவது இதனால்தான். 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன் ஹோல்ட்டும் அவரோடு இருந்தவர்களும் 38 உணவுகளை எடுத்து, எல்லாவற்றிலும் ஏறக்குறைய 240 கலோரி வருகிற மாதிரி அளந்து கொடுத்து, இரண்டு மணி நேரம் பசியைக் கேட்டுக் கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால், வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323 வந்தது. வெண்ணெய் அடுக்கிச் சுடுகிற குரோசானுக்கு வெறும் 47. தண்ணீரும் நாரும் புரதமும் உள்ள சாப்பாடு வயிற்றில் நின்று பேசும். நெய்யும் எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரி கொடுத்தாலும், அந்தக் கலோரி அளவுக்குப் பசியை அடக்குவதில்லை.

இந்தக் கணக்குக்கு நம் வீட்டில் ஏற்கெனவே இருந்த பதில் கஞ்சி. குதிரைவாலி 30 கிராம், பாசிப்பருப்பு 20 கிராம், இரண்டும் சேர்ந்து 170 கலோரி சொச்சம். வாசனை வரும்வரை வெறும் வாணலியில் வறுத்து, ஏழு மடங்கு தண்ணீர் விட்டு, ஒரு துண்டு இஞ்சியும் சீரகமும் தட்டிப் போட்டு குக்கரில் வைப்பேன். நாலு விசில் விட்டு இறக்கி, சூட்டோடு ஒரு கை முருங்கைக்கீரையை உருவிப் போட்டுக் கிளறினால், அந்தச் சூட்டிலேயே கீரை வெந்துவிடும். ஆறியதும் மோர். பெரிய கிண்ணம் தளும்ப வரும். தாளிக்கிற ஆசை வந்தால் ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கு 45 கலோரி என்பதை நினைத்துக்கொள்வேன். தொட்டுக்கொள்ளப் பிரண்டைத் துவையல். மதியம் வரை தாங்குகிறது.

என் பாட்டி வீட்டிலும் இதே கிண்ணத்தில் இதே கஞ்சிதான். அவர் கஞ்சியில் தண்ணீர் கூடியது தானியம் போதாததால். பிள்ளைகளுக்கு அடிக்கஞ்சி, தனக்கு மேல்தண்ணீர் என்று பிரித்து ஊற்றுவாராம், அம்மா சொல்லியிருக்கிறார். என் கஞ்சியில் தண்ணீர் கூடுவது வீட்டில் எல்லாம் இருப்பதால். பார்வைக்கு இரண்டும் ஒன்று. அவர் செய்ததைத் தியாகம் என்று கூசாமல் சொல்வேன். நான் செய்வதற்கு என்ன பெயர்?

அளவாக உண்பதைத் தவம் என்று சொன்ன சமயம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. திண்டிவனம், வந்தவாசிச் சுற்றுவட்டாரத்தில் தமிழ்ச் சமணர்கள் இன்றைக்கும் வாழ்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்கள் மடம் இருக்கிறது. சமணத்தின் புறத் தவங்கள் ஆறில் முதலாவது உண்ணாமல் இருப்பது. அதற்கு அடுத்ததாகவே, வயிறு நிறையும் முன் எழுந்துவிடுவதைத் தனித் தவமாக வைத்திருக்கிறார்கள். அவமோதரியம் என்று பெயர். பட்டினிக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் இடம் கொடுத்ததில் பெரிய அனுபவம் தெரிகிறது. விரத நாளில் முடிவு ஒரு தடவைதான்: இன்றைக்கு இல்லை. அதற்குப் பிறகு மனசு அடங்கிவிடும். தட்டில் சோறு இருக்க, கையில் ருசி இருக்க, ஒவ்வொரு வாய்க்கும் முடிவெடுப்பது அப்படி இல்லை. அதைத் தினமும் செய்ய வேண்டும். யாரும் பார்த்துப் பாராட்டவும் மாட்டார்கள்.

பௌத்தர்கள் இதையே ஒரு ராஜாவின் கதையாகச் சொல்கிறார்கள். கோசல மன்னன் பசேனதி மரக்கால் கணக்கில் சோறு உண்டுவிட்டு, மூச்சு வாங்கியபடி புத்தரைப் பார்க்க வருவான். புத்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அளவறிந்து உண்பவனுக்கு உபாதை குறையும் என்ற கருத்தில் ஒரு பாடல் சொன்னார். மன்னன் அதைப் பக்கத்திலிருந்த இளைஞனிடம் மனப்பாடம் செய்யச் சொல்லி, தினமும் தான் உண்ணும்போது சொல்ல ஏற்பாடு செய்தான். நாளடைவில் ஒரு நாழிச் சோற்றில் வந்து நின்றான். உடம்பும் லேசாயிற்று. இந்தக் கதை எனக்குப் பிடிக்கக் காரணம், அதில் நரகமும் இல்லை, பாவமும் இல்லை. ஞாபகப்படுத்த ஒரு குரல் இருந்தது, அவ்வளவுதான். அதே புத்தர், உடம்பை வாட்டி எலும்பும் தோலுமாக இருந்த காலத்தில் ஞானம் கிட்டாமல், சுஜாதை கொடுத்த பால்சோற்றை உண்ட பிறகே போதி மரத்தடியில் அமர்ந்தார். பசித்த வயிறு தன்னைத் தவிர வேறொன்றையும் நினைக்க விடாது. முட்டிய வயிறும் அப்படித்தான். வயிறு நம்மை மறக்க விடுகிற ஓர் அளவு நடுவில் இருக்கிறது. காலையில் நான் தேடுவது அந்த அளவைத்தான். அப்படி வயிற்றை மறந்த பிறகு கிடைக்கிற நேரத்தை யாருக்குச் செலவிடுகிறேன் என்பதைப் பொறுத்துத்தான் அது தவமா இல்லையா என்பது.

இந்த இடத்தில் வள்ளலாரிடம் வந்தாக வேண்டும். அவர் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867 மே 23-ல். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. வருகிறவர் யார், எந்தச் சாதி என்று கேட்காமல் மூன்று வேளையும் சோறு போடுகிறார்கள். பசி ஒரு மனிதனின் அறிவை, முகத்தை, பேச்சை எப்படிக் குலைக்கும் என்று அவர் ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற நூலில் எழுதியதைப் படித்தவர்களால் பசியை இலேசாகப் பேச முடியாது. அவரே தம்மைப் பின்பற்றுபவர்களுக்காக நித்திய கரும விதி என்று தினசரி ஒழுங்கு ஒன்றும் எழுதினார். அதில் சோற்றைக் கூடாமலும் குறையாமலும் அறிந்து உண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஆனாலும் ஒரு பிடி குறைவதே நல்லது என்கிறார்.

ஊருக்கெல்லாம் வயிறார உணவு போடச் சொன்னவர்தான் உனக்கு ஒரு பிடி குறைத்துக்கொள் என்கிறார். பல வருஷம் இவை இரண்டையும் தனித்தனியாகத்தான் வாசித்து வந்தேன். இப்போது சேர்த்து வாசிக்கிறேன். அளவு என்பது எனக்கு நானே வைத்துக்கொள்ள வேண்டியது. அடுத்தவர் தட்டுக்கு நான் அளவு சொல்லக் கூடாது. அங்கே அவர் போதும் என்று சொல்வதுதான் அளவு. எடை குறைப்பவர்கள் பலரிடம் ஒரு கடுமை வந்துவிடுவதைப் பார்க்கிறேன். தன் கலோரியை எண்ணப் பழகிய கண் மெல்ல அடுத்தவர் தட்டுக்கும் போகிறது. கல்யாணப் பந்தியில் இன்னொரு வடை கேட்கிற ஆளைப் பார்த்து முகம் சுளிக்கிறது. அந்தக் கண்ணோடு எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் அதை ஆன்மிகம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகையை நினைத்துக்கொள்கிறேன். யானைத்தீ என்ற பசிநோய் அவளுக்கு. எவ்வளவு தின்றாலும் அடங்காது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் உண்கிற ஒரு முனிவர் வைத்திருந்த நாவற்கனியை அவள் காலால் சிதைத்துவிட்டாள். அவர் அந்த முறை பட்டினி, அவர் சாபத்தால் அவளுக்குப் பன்னிரண்டு வருஷப் பசி. காப்பியத்தைப் பாடிய சாத்தனார் அவளைப் பெருந்தீனிக்காரி ஆக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்னொருவர் உணவை அழித்ததற்குத்தான் அடங்காப் பசி. தீர்ந்தது எப்படியென்றால், மணிமேகலை, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்ற பாத்திரத்திலிருந்து எடுத்துக் கொடுத்த உணவால். மலை மலையாகத் தின்றும் நிரம்பாத வயிறு, கருணையோடு கொடுத்த கொஞ்சத்தில் நிரம்பியது.

எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் பிள்ளைகள் தட்டோடு உட்காரக் காரணமான காலை உணவுத் திட்டம் தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள், அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகள். ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் கிச்சடி, ஒரு நாள் பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். அதற்கு முன்பு முதல் பாடவேளையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் தலை சாய்க்கிற பிள்ளைகள் எங்கள் பள்ளியிலும் உண்டு. அதிகாலையில் முந்திரித் தோப்புக்கும் கட்டட வேலைக்கும் போகிற பெற்றோர் என்ன செய்வார்கள்? அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, இரண்டாம் வகுப்பு, கிச்சடியில் காரட்டைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துக் கடைசியாகத் தின்பாள். தின்று முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வைங்கக்கா" என்று தட்டை நீட்டுவாள். பழக்கிவிட்டால் குண்டாகிவிடும் என்று சக ஆசிரியை ஒருவர் ஒருமுறை சொன்னார். அவர் மனசில் கெடுதல் இல்லை. வீட்டில் தன் மகளுக்குச் சொல்வதையே இங்கேயும் சொன்னார். பாத்திரத்தில் இருக்கும்வரை கேட்கிற பிள்ளைக்கு வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

சமையல் செய்யும் அக்கா மகளிர் குழுவிலிருந்து வருகிறவர். விடியுமுன் வீட்டில் ஒரு டம்ளர் டீயோடு கிளம்பி வந்து, சாமான் கழுவி அடுக்கிய பிறகு, ஒன்பதரைக்கு மேல்தான் அவர் வாயில் சோறு படும். ஐம்பது பிள்ளைகளின் பசியைத் தீர்க்கிறவர் கடைசியில் சாப்பிடுவது, மேல்தண்ணீர் குடித்த என் பாட்டியின் வரிசையில்தான் வருகிறது. அது குறைப்பது இல்லை, விடுபடுவது. அதனால் இப்போது குக்கரில் அவருக்கும் சேர்த்துத் தானியம் போடுகிறேன். என் பங்கு தண்ணீராக இருக்கட்டும். அவருக்குச் சர்க்கரை கிடையாது, முதுகு ஒடிகிற வேலை வேறு. ஆகவே அவர் தூக்கில் கஞ்சியைக் கெட்டியாக ஊற்றி, மேலே நல்லெண்ணெய்ப் பொடி தடவிய இட்லி மூன்று வைத்துக் கொடுக்கிறேன். ஏழே முக்காலுக்கு நான் போனதும், சாம்பார் கொதிக்கிற நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறார். நேற்று, "இட்லி ரெண்டு போதும் டீச்சர்" என்றார். இன்றைக்கு இரண்டு வைத்தேன்.