கடாரத்தில் கோயில் எழுப்பியது காற்றா, கடவுளா?

கேள்வி: கிள்ளானில் நூறு வயது கடந்த கோயிலைப் பழமையானது என்கிறோம். கெடா பூஜாங் பள்ளத்தாக்கிலோ ஆயிரம் ஆண்டுக் கோயில்கள் இருக்கின்றனவாம். “துறைமுகம் இருந்த இடத்துக்குத்தான் சாமி வந்திருக்கிறது, எல்லாம் வியாபாரம்தானே” என்கிறான் என் மகன். என்ன சொல்வது? பள்ளி விடுமுறையில் அங்கே போகிறோம். அந்தக் கோயிலில் கும்பிடலாமா?
– வாசகி, கிள்ளான்

பதில்: உங்கள் மகன் சொன்னதில் பாதி உண்மை, அம்மா. மீதியையும் அவருக்குச் சொல்லுங்கள்.

இலங்கையின் தென்முனையும் கெடாவின் ஜெராய் மலையும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. நேர்கிழக்கே வந்து, நிக்கோபாருக்கும் சுமத்திராவுக்கும் நடுவே நுழைந்த கப்பலுக்கு 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய்தான் கரை காட்டியது. அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கும் மெர்போக் ஆற்றின் முகத்துவாரமும். ஒதுங்க இடமும் குடிக்க நன்னீரும் உண்டு. கிள்ளான் கரையோ சேறும் கண்டல் காடும். அங்கேயும் பழங்கால வெண்கல முரசும் மணிகளும் கிடைத்திருப்பதால், ஆட்கள் வந்துபோனது தெரிகிறது. ஆனால் ஜெராய் போல நெடுந்தூரம் தெரியும் மலை அங்கே இல்லை.

தென்மேற்குக் காற்றில் வந்தவர்கள் ஊர் திரும்ப வடகிழக்குக் காற்று வீச வேண்டும். அதுவரை மாதக்கணக்கில் காத்திருப்பு. சரக்கை விற்கக் கோயில் தேவையில்லை. வீட்டை விட்டு, உயிரைக் கடலிடம் கொடுத்துவிட்டு வந்தவனுக்குத்தான் அது தேவை. 5ஆம் நூற்றாண்டில் புத்தகுப்தன் என்ற மாநாவிகன் (கப்பல் தலைவன்), தூபி உருவம் செதுக்கிய கல்லில் பயணம் நலமாக முடிய வேண்டிக்கொண்டு எழுதிவைத்தான். பினாங்குக்கு எதிர்க்கரையில் கிடைத்த அந்தக் கல்லில் நான் வியாபாரத்தைவிட அச்சத்தையும் நம்பிக்கையையும்தான் பார்க்கிறேன்.

காற்று ஒருவழிப் பாதையும் அன்று. முதலாம் ராஜராஜன் காலத்தில் கெடாவையும் ஆண்ட ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினார். சோழன் ஆனைமங்கலத்தை அதற்கு அளித்தான். சைவ அரசன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்ததை மகனிடம் அவசியம் சொல்லுங்கள். அதே கடல்வழியே 1025இல் ராஜேந்திர சோழனின் படை கடாரம் (இன்றைய கெடா) வந்ததையும் மறைக்க வேண்டாம்.

நம் பக்கமும் இதே கதைதான். காற்றுக்குப் பதில் ஈயமும் ரயிலும். 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைத்த தண்டவாளம் பிரிக்ஃபீல்ட்ஸை ரயில்வே ஊழியர்களின் ஊராக்கியது. அதனால்தான் யாழ்ப்பாணத் தமிழர்களின் கந்தசுவாமி கோயிலும், சிங்களர் 1894இல் அமைத்த மகா விகாரையும் அங்கே அருகருகே நிற்கின்றன. பத்துமலையில் சுண்ணாம்புக்கல் குகையின் வாய், அங்கே கோயில் அமைத்த தம்புசாமிப் பிள்ளைக்கு வேலாகத் தெரிந்தது என்பார்கள். குகையைக் கொடுத்தது நிலம். வேலைக் கண்டது பக்தி. இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

பூஜாங்கில் புக்கிட் பத்து பஹாட் சண்டிக்கு (பழங்கோயிலுக்கு) போங்கள், அருங்காட்சியகமும் அங்கேதான். விமானமும் மண்டபமுமாக அமைந்த அடித்தளம், ஓடைக்கரையிலேயே கிடைத்த கருங்கல். தூணும் கூரையும் மரம் என்பதால் மழை தின்றுவிட்டது. தூண் நட்ட கற்குழிகளை மகனுக்குக் காட்டுங்கள். பூசை நடக்கும் கோயில் அன்று என்பதால் கற்பூரம், எண்ணெய் வேண்டாம். கற்களின்மேல் ஏறவும் வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிடலாம். தாராளமாகக் கும்பிடுங்கள்.