பகிடியும் படலையும்

ஹந்தானை மலையின் அடிவாரத்தில், மகாவலியின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வருகின்றனர். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலிருந்து வருகின்றனர். ஹட்டன், பதுளைத் தோட்டங்களிலிருந்தும் வருகின்றனர். எழுதும்போது எல்லோருக்கும் தமிழ் ஒன்றே. வாய் திறந்ததும் ஊர் தெரிந்துவிடுகிறது. ஒருவர் 'ஓம்' என்கிறார்; மற்றவர் 'ஆமாங்க' என்கிறார். ஒருவர் 'கதைக்கிறார்'; மற்றவர் 'பேசுகிறார்'. அக்கணத்தில் ஒரு சிரிப்பு எழுகிறது. அச்சிரிப்பு வரவேற்பா, விலக்கா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

'இது வெறும் பகிடி. இப்படித்தான் நட்பு வளர்கிறது' என்பது சிரிப்போரின் வாதம். அதனை எளிதிற் தள்ளிவிட முடியாது. பகிடி இல்லாத இடத்தில் நட்பும் இல்லை. மட்டக்களப்பாரும் யாழ்ப்பாணத்தாரும் ஒரே அறையில் நான்காண்டு வாழ்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் பழித்துக்காட்டிக் களித்து, உயிர்த்தோழராய்ப் பிரிவதை நாம் அறிவோம். உபசாரச் சொற்களை மட்டும் பரிமாறிக்கொள்ளும் நாகரிகம் பல வேளைகளில் அந்நியத்தின் மறுபெயரேயாகும்.

ஆனால் அத்தோழர் இருவரிடையே ஒரு நிபந்தனை உண்டு. பகிடி போன வழியே திரும்பி வரலாம். இன்று நீ சிரித்தாய். நாளை நான் சிரிப்பேன். வந்து இரண்டு நாளான மாணவனுக்கு இந்த உரிமை உண்டா? சிரேஷ்ட மாணவர் அவனை நிறுத்தி, 'எங்கே, இன்னொரு முறை சொல்' என்று கேட்கும்போது, 'நீங்கள் சொல்லுங்கள், நான் சிரிக்கிறேன்' என்று அவன் கூற முடியுமா? முடியாதெனில் அது பகிடியன்று, அதிகாரம். படலையைத் திறந்து 'வா' என்று அழைப்பதும், படலைக்கு வெளியே நிறுத்தி 'நீ எந்த ஊர்?' என்று விசாரிப்பதும் ஒன்றாகமாட்டா.

இச்சிரிப்பு எத்திசையில் பாய்கிறது என்பதையும் நோக்குவோம். விடுதியில் யாழ்ப்பாணத்து மாணவன் தோட்டத்து மாணவனின் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறான். அதே யாழ்ப்பாணத்தான் சென்னைக்குப் போனால் அவனது தமிழே நகைப்புக்குரியதாகிறது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'தெனாலி' திரைப்படம் ஈழத்துப் பேச்சை நகைச்சுவைக்குரிய பொருளாக்கியதை யார் மறப்பார்? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நீலகிரிக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளரோ, இங்கே 'இந்தியாக்காரர்' எனப்பட்டவர்கள், அங்கே 'சிலோன்காரர்' எனப்பட்டனர். வாய் ஒன்றே, இடம் மாறியதும் பழி மாறியது. எனவே வேடிக்கை உச்சரிப்பில் இல்லை. கேட்பவன் எப்படியில் நிற்கிறான் என்பதில் இருக்கிறது.

மொழியறிவும் இதனையே கூறுகிறது. 'காற்று' என்பதில் உள்ள றகரத்தின் வல்லொலியை யாழ்ப்பாணத்தார் காத்துவருகின்றனர்; மலையகத்தில் அது 'காத்து' ஆகிறது. 'உவர்', 'உது' என்னும் உகரச் சுட்டுகளும் யாழ்ப்பாணப் பேச்சில் இன்றும் வாழ்கின்றன. ஆயினும் பழமையைக் காத்தவன் உயர்ந்தவன், மாற்றியவன் தாழ்ந்தவன் என்று இலக்கணம் விதிக்கவில்லை. தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை நான்காக வகுத்தபோது திசைச்சொல்லையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். வட்டார வழக்கைப் பிழையென்று ஒதுக்காது, பாட்டுக்குத் தகுந்த சொல்லென்றே அவர் கண்டார். அவரிடமில்லாத இறுமாப்பு நமக்கு எங்கிருந்து வந்தது?

சரித்திரத்திலிருந்து வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்' என்ற வசைகளை இந்நாட்டவர் பலர் கூசாமல் வழங்கினர்; இரண்டாவதை வழங்கியவர் தமிழரே. எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! சட்டம் திருந்திவிட்டது, செவி இன்னும் திருந்தவில்லை. 'ஆமாங்க' என்ற சொல்லைக் கேட்டுச் சிரிப்பவன் அவ்வரலாற்றை அறியாதிருக்கலாம். கேட்டுக்கொண்டு நிற்பவன் அறிவான். அவனுடைய பாட்டனார் அதனை அனுபவித்தவர்.

உச்சரிப்பு உயிரையே தீர்மானித்த வேளைகளும் உண்டு. 1983 யூலைக் கலவரத்தில், வழிமறிக்கப்பட்டோரிடம் வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லை ஒலித்துக் காட்டச் சொன்னார்கள் என்று தப்பியோர் பலர் பதிவு செய்துள்ளனர். விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்திலும் யோர்தான் துறையிலே ஒரு சொல்லைச் சரியாக உச்சரிக்காத எப்பிராயீமர் கொல்லப்பட்ட கதை வருகிறது. விடுதிப் பகிடியும் அக்கொலையும் ஒன்றென்று நாம் கூறவில்லை. அப்படிக் கூறுவது நியாயமுமன்று. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டு: மனிதன் என்ன சொல்கிறான் என்பதைக் கேளாமல், எவ்வாறு சொல்கிறான் என்பதை மட்டும் கேட்டு அவனை அளத்தல். கலவரக்காரனின் செவியால் பாதிக்கப்பட்ட சமுதாயம், அதே செவியைத் தன் இளைய உறவினர்மீது திருப்பலாமா?

பகிடிவதையைத் தடுக்கச் சட்டம் உண்டு. 1997ஆம் ஆண்டில் பேராதனை மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. அடியையும் அச்சுறுத்தலையும் சட்டம் தண்டிக்கலாம். ஒரு சிரிப்பினால் வாய்மூடிய மாணவனை அது பேசவைக்காது. விரிவுரை மண்டபத்தில் வினா எழுப்ப நினைத்தும் 'என் பேச்சுக்குச் சிரிப்பார்களே' என்று எழாமல் இருந்துவிடும் மாணவி எந்த முறைப்பாட்டுப் புத்தகத்திலும் இடம்பெறமாட்டாள். இழப்பு அவளுக்கு மட்டுமன்று. கேட்கப்படாத அவ்வினாவால் முழு வகுப்பும் ஏழையாகிறது.

வேறு வழி உண்டென்பதற்குப் பேராதனையே சான்று. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிலே நாடகங்கள் எழுதி மேடையேற்றினார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியன உருவாயின. அங்கே கிராமத்து அண்ணாவியார் ஆசிரியரானார், பட்டதாரி மாணாக்கரானார். உண்மையான வரவேற்பு இதுவே. வந்தவன் மட்டும் மாறவேண்டும் என்பது வரவேற்பாகாது. இருந்தவனும் வந்தவனிடம் கற்கவேண்டும்.

முற்போக்கு எழுத்தாளர்களின் பேச்சு வழக்கை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் இகழ்ந்தபோது நாம் எந்தப் பக்கம் நின்றோம் என்பதை நினைவுகூர்வோம். சிறுகதையில் தொழிலாளியின் பேச்சைப் போற்றுவதும், நடைபாதையில் அவன் மகனின் பேச்சைக் கேட்டு நகைப்பதும் எங்ஙனம் பொருந்தும்?

ஆசிரியர்களாகிய நம் பொறுப்பும் சிறிதன்று. கட்டுரையிலே எழுத்துப்பிழையைத் திருத்துவோம், பொதுவழக்கைக் கற்பிப்போம், அது எல்லா மாணவர்க்கும் உரிய செல்வம். ஆனால் மாணவன் தாயிடம் கற்ற ஒலியைப் பிழையெனச் சிவப்பு மையால் அடிக்கும் உரிமை நமக்கில்லை. சிரிப்பையும் நாம் தடைசெய்ய வேண்டியதில்லை. அதன் திசையை மாற்றினாற் போதும். புதிதாய் வந்தவன் நம்முடைய 'பேந்து'வையும் 'விளங்கேல்லை'யையும் கேட்டு அச்சமின்றி வாய்விட்டுச் சிரிக்கட்டும். நாமும் அவனோடு சேர்ந்து சிரிப்போம். அன்றுதான் அவன் நம்மில் ஒருவன் ஆவான்; நாமும் அவனுள் ஒருவராவோம்.