யாருக்கும் கடன்படாத பிழைப்பு: ஸ்பினோசாவின் வில்லைகளும் விடுதலை பற்றிய கேள்வியும்

ஒருவர் பிறருக்குப் பயன்படும் ஒரு பொருளைத் தம் கையாலேயே ஆக்கி, அதை விற்று வரும் வருவாயில், எந்த எசமானருக்கும் எந்த நிறுவனத்துக்கும் உட்படாமல், தமக்குப் பிடித்த ஊரில் இருந்துகொண்டு வாழ்வாராயின், அவரைச் சுதந்திரமானவர் என்று சொல்லிவிடலாமா என்னும் கேள்வி பார்வைக்கு எளியதாகவே தோன்றும். மடிக்கணினி ஒன்றை வைத்துக்கொண்டு மென்பொருள் எழுதி, முகம் தெரியாத வாடிக்கையாளர்களுக்கு விற்றுப் பிழைக்கும் வாய்ப்பைப் பெற்றுள்ள இன்றைய தலைமுறையில் பலர் இதற்குத் தயங்காமல் ஆம் என்பார்கள். ஆனால் இக்கேள்வியைத் தம் பிழைப்பிலும் தம் நூலிலும் ஒருசேர எதிர்கொண்ட பதினேழாம் நூற்றாண்டு டச்சுத் தத்துவஞானி ஸ்பினோசாவிடம் (1632–1677) விடை இரண்டாகப் பிரிந்து கிடப்பதுபோல் தோன்றுகிறது. தம் வாழ்க்கையில் பிறர் தயவை அவர் விடாப்பிடியாக விலக்கிவந்தார். தம் நூலிலோ, உலகில் எந்த மனிதரும் தனித்து நிற்பவர் அல்லர் என்று கணிதத் தேற்றம் போல நிறுவ முயன்றார்.

ஸ்பினோசா ஆம்ஸ்டர்டாமில் குடியேறிய போர்ச்சுகீசிய யூதர்களின் சமூகத்தில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தவர். தந்தை 1654இல் இறந்தபின், கடன் சுமையோடு கைக்கு வந்த குடும்ப வணிகத்தைத் தம்பி கேப்ரியேலுடன் சேர்ந்து நடத்தினார். 1656 ஜூலை 27 அன்று, அவருக்கு 23 வயதாக இருக்கையில், ஜெபாலயத்தின் நிர்வாகிகள் அவர்மீது ‘ஹெரெம்’ விதித்தார்கள். ஹெரெம் என்பது சமயச் சமூகத்திலிருந்து ஒருவரை வெட்டி விலக்கும் ஆணை. அவருடன் யாரும் பேசவோ எழுதவோ கூடாது, அவருக்கு எந்த உதவியும் செய்யக் கூடாது, நான்கு முழத் தொலைவுக்குள் நெருங்கக் கூடாது, அவர் எழுதிய எதையும் படிக்கக் கூடாது என்று அந்த ஆணை விதித்தது. உறவும் நம்பிக்கையும் கடனுறுதியும் ஒன்றாகப் பின்னிக்கிடந்த வணிகச் சமூகத்தில் இத்தகைய விலக்கு, வழிபாட்டிடத்திலிருந்து மட்டுமன்றிப் பிழைப்பிலிருந்தும் ஒருவரை வெளியேற்றுவதாகும். அதே சமூகத்தால் முன்பு விலக்கப்பட்ட ஊரியல் ட கோஸ்டா, உறவினரின் பகையையும் தனிமையையும் ஆண்டுக்கணக்கில் தாங்கியபின் பணிந்து திரும்பி, பொதுவில் கசையடி பெற்று, 1640இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்பதைச் சிறுவன் ஸ்பினோசா அறியாமல் வளர்ந்திருக்க முடியாது. கருத்து வேறுபடுபவருக்குத் துணிவு மட்டும் போதாது, தன் ஊராரின் கையிலில்லாத ஒரு சோறும் வேண்டும் என்பதை அந்த முடிவு உரக்கவே சொல்லிற்று.

கைத்தொழில் கற்றுக்கொள்வது யூத மரபுக்குப் புதியதன்று. மகனுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுப்பது தந்தையின் கடமைகளில் ஒன்றென டால்முட் கூறுகிறது. மறையறிவைத் தோண்டுவதற்கான மண்வெட்டியாக்கிப் பிழைக்கலாகாது என்பது பண்டைய ரபிகளின் எச்சரிக்கை. பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் இந்தக் கருத்தை மிகக் கடுமையாகவே வலியுறுத்தினார். அவரைத் தாங்கிவந்த சகோதரர் டேவிட் இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தபின் மருத்துவத்தையே தம் பிழைப்பாகக் கொண்டார். ஆகவே ஸ்பினோசா தம்மை விலக்கிய மரபின் ஒரு பழைய அறிவுரையை, விலக்கப்பட்ட பின்னரே முழுமையாகக் கடைப்பிடித்தார் என்று சொல்வது மிகையாகாது.

அவர் தேர்ந்த தொழில் லென்ஸ் எனப்படும் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து மெருகேற்றுவது. தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் அறிவியலின் எல்லைகளை அகற்றிக்கொண்டிருந்த காலம் அது. வேண்டிய வளைவுக்கேற்பக் குடையப்பட்ட உலோக அச்சில் கண்ணாடித் துண்டை வைத்து, ஈரமான சாணைப்பொடி தூவித் தேய்த்து, பொடியைப் படிப்படியாக நுண்மையாக்கிக்கொண்டே போய், கடைசியில் கீறல் ஏதுமின்றி ஒளி ஊடுருவும் வரை மெருகிட வேண்டும். இதற்கு வேண்டிய கருவிகளை ஒரு வாடகை அறையில் அடக்கிவிடலாம் என்பதே இத்தொழிலின் சிறப்பு. 1661 அளவில் லைடன் நகருக்கு அருகிலுள்ள ரைன்ஸ்பர்க், 1663இல் வூர்பர்க், பின்னர் த ஹேக் என அவர் இடம் மாறியபோதெல்லாம் தொழிலும் கூடவே சென்றது. தேய்ப்பதில் அவருக்கிருந்த ஈடுபாடு வெறும் பிழைப்புக்கானதன்று என்பதற்கு ஒரு சான்று உண்டு. லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஓல்டன்பர்குக்கு 1665இல் எழுதிய கடிதத்தில், கிறிஸ்டியான் ஹைகன்ஸ் செய்துவந்த தேய்ப்பு எந்திரத்தைப் பற்றிப் பேசும்போது, கோள வடிவ அச்சுகளில் மெருகேற்றுவதற்கு எந்த எந்திரத்தையும்விடக் கையே நம்பத்தக்கது என்று தம் அனுபவத்தைப் பதிவு செய்கிறார்.

அந்த ஹைகன்ஸ், சனிக்கோளின் வளையத்தை விளக்கிய பெரும் அறிவியலாளர், 1667இல் தம் தமையனுக்கு எழுதிய கடிதத்தில் வூர்பர்க் யூதரின் சிறு வில்லைகளை மெச்சுகிறார். பெயரைச் சொல்லாமல் சாதியைச் சொல்வது போன்ற அந்த அடையாளத்தில் ஓர் அலட்சியம் இருக்கிறது. ஆனால் வில்லையை அலட்சியப்படுத்த அவரால் முடியவில்லை. உடற்கூற்றியலாளர் கெர்க்ரிங் 1670இல் வெளியிட்ட நூலில் ஸ்பினோசா செய்த நுண்ணோக்கியைப் புகழ்ந்தார். இங்கேதான் பயனுள்ள பொருளைச் செய்து விற்பதன் தத்துவ முக்கியத்துவம் வெளிப்படுகிறது. ஊதியமும் மானியமும் பெறுபவர் எத்தகையவர், என்ன நம்புகிறார், யாரோடு பழகுகிறார் என்பதையெல்லாம் கொடுப்பவர் கேட்க முடியும். வில்லையை வாங்குபவரோ அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தாலே போதும். செய்தவர் கடவுளைப் பற்றி என்ன எண்ணுகிறார் என்பதால் அதன் குவியம் மாறப்போவதில்லை. எழுத்தைப் படிக்கத் தடை விதித்த ஆணையால் வில்லையூடே பார்ப்பதைத் தடுக்க இயலவில்லை.

எனினும் வில்லை விற்ற காசில் மட்டுமே வாழ்ந்த ஞானி என்னும் பரவலான சித்திரம் முழு உண்மையன்று. 1705இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்ட லூத்தரன் போதகர் கொலேருஸ் தரும் செய்தி இது: நண்பர் சிமோன் டி விரீஸ் கொடுக்க முன்வந்த 2000 கில்டரை ஸ்பினோசா ஏற்க மறுத்தார், டி விரீஸ் தம் சொத்து முழுவதையும் அவருக்கே எழுத நினைத்தபோது, அது உடன்பிறந்தவருக்கே உரியது என்று தடுத்தார், பின்னர் அந்தச் சகோதரர் ஆண்டுக்கு 500 கில்டர் தருவதாகச் சொன்னபோது அதை 300ஆகக் குறைத்து ஏற்றுக்கொண்டார். இந்த 300 கில்டர் புனைகதைக்கு இடையூறாக இருக்கலாம். சிந்தனைக்கு அது மிகவும் தேவையான விவரம். அவருடைய தலைநூலான ‘அறவியல்’ (எதிக்ஸ்) நான்காம் பகுதியில், அறியாதாரிடையே வாழும் சுதந்திர மனிதர் இயன்றவரை அவர்களுடைய உபகாரங்களைத் தவிர்க்க முயல்வார் என்று ஒரு தேற்றமும், சுதந்திர மனிதரே ஒருவருக்கொருவர் உண்மையான நன்றியுடையவர் என்று அதற்கடுத்த தேற்றமும் வருகின்றன. கொடுப்பவர் தம் மதிப்பின்படி கைம்மாறு எதிர்பார்க்கும் உதவி ஒருவகைக் கொடுக்கல் வாங்கல். நட்பிலிருந்து வருவது அப்படிப்பட்டதன்று. எனவே அவர் மறுத்தது சார்பை அன்று, விலை குறிப்பிடப்படாத சார்பையே.

1673 பெப்ரவரியில் பாலட்டினேட் அரசர் கார்ல் லூட்விக்கின் சார்பில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் பதவி அவருக்கு அளிக்கப்பட்ட நிகழ்ச்சியும் இந்த ஒளியில்தான் பொருள்படுகிறது. தத்துவம் பேச முழு உரிமை உண்டு, நாட்டில் நிலைபெற்ற சமயத்தைக் குலைக்க அதைப் பயன்படுத்தமாட்டார் என்று அரசர் நம்புகிறார் என்பதே அழைப்பின் வாசகம். ஸ்பினோசா மார்ச் 30 அன்று பணிவாக மறுத்தார். மாணவருக்குக் கற்பிக்கத் தொடங்கினால் தம் ஆராய்ச்சி நின்றுவிடும் என்பது ஒரு காரணம்; சமயத்தைக் குலைப்பதாகத் தோன்றாதிருக்க அந்த உரிமையை எந்த எல்லைக்குள் அடக்க வேண்டும் என்பது தமக்குத் தெரியவில்லை என்பது மற்றொன்று. எல்லை எங்கே என்று சொல்லாத உரிமையில், எல்லையை நாள்தோறும் தானே ஊகித்துத் தன்னைத் தானே தணிக்கை செய்துகொள்ள வேண்டியிருக்கும் என்பதை அவர் தெளிவாகக் கண்டிருந்தார்.

இவ்வளவு கவனமாகத் தனித்தியங்கியவர், மனிதரின் தனித்தியங்கும் ஆற்றலைப் பற்றி எழுதியதோ வேறு. அவர் கருத்துப்படி தன்னாலேயே இருப்பது ஒன்றே ஒன்றுதான்: கடவுள் அல்லது இயற்கை என்று அவர் அழைக்கும் மெய்ப்பொருள். மற்ற அனைத்தும், மனிதர் உட்பட, அதன் விகற்பங்கள். அதாவது கடலில் அலைபோல் அதில் தோன்றி அதனாலேயே விளக்கப்படுபவை. இயற்கையின் பகுதியாக இல்லாதிருத்தல் மனிதருக்கு இயலாது. மனிதருடைய ஆற்றலைப் புறக்காரணங்களின் ஆற்றல் அளவின்றி விஞ்சி நிற்கிறது. 1674இல் எழுதிய ஒரு கடிதத்தில், எறியப்பட்ட கல்லுக்குச் சிந்தனை வாய்த்தால் அது தன் விருப்பத்தாலேயே பறப்பதாக எண்ணிக்கொள்ளும் என்கிறார். தம் செயலை அறிந்து, அச்செயலின் காரணங்களை அறியாதவர்கள் தம்மைச் சுதந்திரர் என நம்புவது இத்தகையதே. எசமானர் இல்லை என்பதாலேயே தாம் கட்டற்றவர் என்று கருதும் தொழில்முனைவோர் இந்தக் கல்லின் நிலையிலிருந்து வெகு தொலைவில் இல்லை. அவருடைய பொருளை விற்கும் தளம், பணத்தைக் கடத்தும் வங்கி, விசா தரும் நாடு, கேட்காமலேயே மனத்தில் ஊன்றப்பட்ட வெற்றி பற்றிய ஆசை ஆகிய எல்லாம் அவரை எறிந்த கைகளே.

அப்படியானால் விடுதலை எங்கே இருக்கிறது? காரணங்களிலிருந்து தப்புவதில் அன்று, அவற்றைப் புரிந்துகொண்டு, தன் இயல்பிலிருந்தே செயல்படும் அளவை மிகுதியாக்குவதில் என்பது அவர் விடை. ஒவ்வொரு பொருளும் தன் இருப்பில் நிலைத்திருக்க மேற்கொள்ளும் முயற்சியை அவர் ‘கொனாட்டஸ்’ என்று அழைக்கிறார். அந்த முயற்சிக்கு உறுதியாகப் பயன்படும் என்று நாம் அறிவதே நன்மை எனப்படுகிறது. பயன் என்பது இங்கு வணிகச் சொல்லாக இல்லாமல் அறத்தின் அடிப்படையாகிறது. மனிதருக்கு மனிதரைவிடப் பயனுடையது வேறெதுவுமில்லை என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். உழுவதையும் விதைப்பதையும் அரைப்பதையும் நெய்வதையும் ஒவ்வொருவரும் தாமே செய்ய வேண்டியிருந்தால் யாருக்கும் நேரமும் வலிமையும் போதாது என்பது 1670இல் வந்த அவருடைய ‘இறையியல்-அரசியல் ஆய்வு’ தரும் வாதம். ‘அறவியல்’ இன்னும் ஒரு படி மேலே போய், அறிவால் வழிநடத்தப்படுபவர் தமக்கு மட்டுமே கீழ்ப்படிந்து தனிமையில் வாழ்வதைவிடப் பொதுச் சட்டத்தின்கீழ்ப் பலரோடு வாழும்போதே கூடுதல் சுதந்திரமுடையவர் என்று கூறுகிறது. தீவில் தனியே குடியேறுவதை விடுதலையாகக் கனவு காண்பவர்களுக்கு இத்தேற்றம் சுவைக்காது. ஆனால் ஸ்பினோசா சிற்றூரிலிருந்து த ஹேக் நகருக்குப் போனார், அங்கே ஓவியர் வான் டெர் ஸ்பைக்கின் வீட்டில் பலரோடு சேர்ந்தே குடியிருந்தார்.

இந்த முன்மாதிரியில் சில குறைகளைக் காணாமல் விடுவது நேர்மையாகாது. அவருக்கு மனைவியில்லை, மக்களில்லை. பால்கஞ்சியும் சிறிது பீரும் கொண்டு நாளைக் கழித்ததாகக் கொலேருஸ் சொல்லும் வாழ்க்கையை ஒரு குடும்பத்தின்மேல் சுமத்த முடியாது. 1677 பெப்ரவரி 21 அன்று 44ஆம் வயதில் நுரையீரல் நோயால் அவர் இறந்தார். ஆண்டுக்கணக்காகச் சுவாசித்த கண்ணாடித் தூள் அந்நோயை முடுக்கியிருக்கலாம் என்பது பலரின் ஊகம்.

இவற்றைவிடக் கனமான வரம்பு ஒன்று உண்டு. வில்லை காப்பாற்றிய தன்னுரிமை எழுத்துக்கு நீளவில்லை. 1670இல் ‘இறையியல்-அரசியல் ஆய்வு’ ஆசிரியர் பெயரின்றி, ஹாம்பர்கில் அச்சானது என்ற பொய் முகவரியோடு வெளிவந்தும் 1674இல் தடைசெய்யப்பட்டது. 1675இல் ‘அறவியல்’ நூலை அச்சிட ஆம்ஸ்டர்டாம் சென்ற ஸ்பினோசா, தம்மைப் பற்றிப் பரவிய வதந்தியையும் இறையியலாளரின் எதிர்ப்பையும் கண்டு வெளியீட்டை நிறுத்திவைத்துத் திரும்பினார். வில்லைக்கு வாங்குபவரின் கண் ஒன்றே போதும். நூலுக்கோ அச்சிடுபவரின் துணிவும், மொழிபெயர்க்கும் கையும், ஒளித்துவைக்கும் வீடும், பொறுமையுள்ள வாசகரும் வேண்டும். அவர் இறந்தபின் கையெழுத்துப் பிரதிகள் ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர் யான் ரியூவெர்ட்ஸிடம் போய்ச் சேர்ந்தன. நண்பர்கள் அவ்வாண்டே அவற்றை லத்தீனிலும் டச்சிலும் தொகுத்து, முகப்பில் அவருடைய பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இட்டு, பதிப்பாளர் பெயரும் ஊரும் குறிக்காமல் வெளியிட்டார்கள். 1678இல் அந்தத் தொகுப்பும் தடைசெய்யப்பட்டது, ஆனால் அதற்குள் பிரதிகள் வாசகர் கைகளுக்குப் போயிருந்தன.