முகட்டு வழி

பண்டைக் காலத்தில் நெடுந்தொலைவு செல்ல நேர்ந்த மனிதன் பல நாடுகளில் மலைமுகட்டையே வழியாகக் கொண்டான். ஏறுவது சிரமம்தான். ஆனால் தாழ்நிலத்தில் சேறும் அடர்காடும் குறுக்கிட்டன. முகட்டிலோ, பெய்த மழை இருபுறமும் வழிந்தோடிவிடும். அதைவிட்டு இறங்காதவரை எந்த ஆற்றையும் கடக்க வேண்டியதில்லை. முதலில் ஒருமுறை ஏறிவிட்டால் போதும்!

ஜப்பானில் இத்தகைய முகட்டு வழி ஒன்று தவச்சாலையாகவே விளங்குகிறது. யோஷினோவிலிருந்து குமானோ வரை ஓமினே மலைத்தொடரின் சிகரங்களைத் தொட்டுச் செல்லும் அவ்வழியை, ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த என் நோ கியோஜா என்ற தவசி திறந்து வைத்ததாக மரபு கூறுகிறது. வழிநெடுகிலும் 75 வழிபாட்டிடங்கள் உள்ளன. அங்குள்ள ஷாக்கா சிகரம் சாக்கிய முனிவரான புத்தரின் பெயரைத் தாங்கியது. மிசென் சிகரத்தின் பெயரோ நமது சுமேருவை நினைவூட்டுவது. ஷுகெண்டோ எனப்படும் இந்த மலைத்தவ நெறியை 1872-இல் அரசு தடை செய்தது. இருந்தும் அது அழியவில்லை. 2004-இல் இவ்வழி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

வெண்ணிற ஆடை அணிந்து, சங்கு முழக்கிச் செல்லும் தவசிகள், கண், காது, மூக்கு, நாக்கு, உடல், மனம் ஆகிய ஆறும் தூய்மை பெற வேண்டும் என்று உரக்கச் சொல்லியபடியே முகடேறுகின்றனர். மனத்தையும் புலன்களோடு சேர்த்து எண்ணும் இந்தக் கணக்கு வேதாந்தம் பயின்றவர்களுக்குப் புதியதன்று.

1,719 மீட்டர் உயரமுள்ள சான்ஜோ சிகரத்தில் ஒரு செங்குத்துப் பாறை இருக்கிறது. புதிதாக வந்தவனின் தோள்களில் கயிற்றை மாட்டி, கால்களைப் பிடித்துக்கொண்டு, தலைகீழாகப் பள்ளத்தின்மேல் நீட்டுகின்றனர் மூத்தவர்கள். ஆன்ம ஞானப் பாதையைக் கடோபநிஷதம் கத்தியின் கூர்முனைக்கு ஒப்பிடுகிறது. அத்தகைய முனையில் தொங்குபவனிடம் எதைப் பற்றிக் கேட்பார்கள்? பிரபஞ்சத்தின் மூலத்தையா, முக்தியின் இலக்கணத்தையா? இல்லை. “பெற்றோரைப் பேணுவாயா? உன் வேலையை ஒழுங்காகச் செய்வாயா?” என்றுதான் கேட்கிறார்கள். சிறுவனாக இருந்தால், “நன்றாகப் படிப்பாயா?” என்பார்கள்.

கேள்விகள் மிக எளியவை. வீட்டுத் திண்ணையிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் திண்ணையில் கேட்டால் அவன் ஒரு விளக்கம் சொல்லியிருப்பான், ஒரு சமாதானம் கூறியிருப்பான். இங்கே அதற்கெல்லாம் இடமில்லை. (இச்சிகரத்தில் பெண்களை அனுமதிக்காத வழக்கம் இன்றும் தொடர்கிறது. அந்தக் கேள்விகளோ ஆண்களுக்கு மட்டும் உரியவை அல்ல.)

“ஆம்” என்று அவன் கத்திய பிறகே மேலே இழுத்து நிறுத்துகின்றனர். கால் நடுக்கம் தீர்வதற்குள் சங்கு ஒலிக்கிறது. அவன் சொன்ன சொல்லைக் கேட்டவர்கள் முன்னும் பின்னும் வர, அவனும் நடக்கத் தொடங்குகிறான்.