காண்டலும் கருதலும்

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் சுபக்கப் பகுதி பதியை, அதாவது கடவுளைப் பேசுமுன் அளவையைப் பேசுகிறது. ஒன்றை அறிந்தோம் என்று எதைக் கொண்டு சொல்கிறோம்? அது தெளியாமல் கடவுளைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பது 13ஆம் நூற்றாண்டு அருணந்தி சிவாசாரியாரின் கறார். அளவைகளைப் பத்தாக எண்ணுவோரும் உண்டு, ஆனால் எல்லாம் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றுக்குள் அடங்கும் என்கிறார் அவர். சிட்னியின் வடமேற்கே கெல்லிவில்லில், பிள்ளைகள் மெட்ரோ பிடித்து வேலைக்குப் போனபின் ஒரு தமிழ் முதியவரைக் குளிப்பாட்டவும் சாப்பிடவைக்கவும் வரும் கேர் வொர்க்கருக்கு இந்த மூன்றும் அன்றாடப் பாடு. அவர் செய்யக்கூடிய பெரும் பிழை, கருதியதைக் கண்டதாக எழுதிவிடுவது. "இன்று சோர்வாக இருந்தார்" என்பது கருதல். இரண்டு இட்லியில் ஒன்று மிச்சம், மாத்திரைப் பெட்டியில் செவ்வாய்க்கிழமை அறை திறக்கப்படவில்லை, போன வாரம் லேசாக ஏறிய செருப்பின் வார் இன்று புறங்காலில் தடம் பதித்திருக்கிறது: இவை காண்டல். வார்த்தடத்தைப் படிக்கும் நர்ஸுக்கு இதயமோ சிறுநீரகமோ நினைவுக்கு வரும். "சோர்வு" என்பதைப் படித்தால் எதுவும் வராது. திடீரென்று பேச்சு குழம்பினால் மறதிநோய் முற்றிவிட்டது என்று எழுதுவது சுலபம். சிறுநீர்த்தொற்றும் முதியவர்களிடம் அதே குழப்பத்தைக் கொண்டுவரும், அது மருந்தில் தீரக்கூடியது.

கருதலை இப்படி ஒதுக்கிவைப்பதை நம்மவர்கள் ஏற்கத் தயங்குவார்கள். முகம் பார்த்து மனம் அறிவதுதானே பணிவிடை, வாய்விட்டுக் கேட்கவைப்பதே குறையல்லவா? குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்களே இருக்கின்றன. ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்று பார்க்கவேண்டும். 71ஆவது அதிகாரத்தில் அரசனின் குறிப்பை அமைச்சன் அறிகிறான். தவறாக அறிந்தால் கெடுவது அவன்தான். 110ஆவதில் காதலர், அங்கே படிக்கப்படுபவரும் திருப்பிப் படிக்கிறார். பராமரிக்கப்படுபவருக்கும் பராமரிப்பவருக்கும் இடையே இந்த இரண்டு காப்பும் இல்லை. தப்பாகப் படித்ததன் செலவு முழுவதும் படிக்கப்பட்டவர் தலையில் விழுகிறது. ஆகவே இங்கே கருதலுக்கு ஒரே ஓர் உரிமைதான் உண்டு, கேள்வியாக மாறுவது: "அப்பா, கால் கனக்குதா?" அவர் சொல்லும் பதில் உரையாகுமா? சித்தாந்தத்தில் உரை என்பது குற்றமற்றவனின் வாக்கு என்பது உண்மைதான். ஆனால் அதே சித்தியார் காண்டலின் வகைகளில் தன்வேதனைக் காட்சியையும் சேர்க்கிறது. தன் இன்ப துன்பத்தைத் தானே அறிவது அது. வலி விஷயத்தில் கிழவரைவிட ஆப்தர், நம்பத்தக்க சொல்லுடையவர், யார்?

கிழவர் பொய் சொன்னால்? மகனுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று "ஒண்டுமில்லை பிள்ளை" என்பார் யாழ்ப்பாணத்துப் பெரியவர், கால் வீங்கியிருக்கும். அப்போது சொன்னதையும் கண்டதையும் அருகருகே எழுதவேண்டும். எது மெய் என்ற தீர்ப்பு அரை மணி நேரம் வந்துபோகிறவரின் வேலையல்ல. மறதிநோய்க்காரரின் சொல் செல்லுமா என்பது இன்னும் கடினமான கேள்வி. பிற்பாடு கற்ற ஆங்கிலம் பலரிடம் முதலில் நழுவுகிறது, தமிழ் எஞ்சுகிறது. அவரிடம் உரை இல்லாமற் போகவில்லை, கேட்கும் காதுதான் இல்லை. 2025 நவம்பர் 1 முதல் நடப்பிலுள்ள ஆஸ்திரேலிய முதியோர் பராமரிப்புச் சட்டம் விரும்பிய மொழியில் பேசும் உரிமையைத் தருகிறது. 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார். மொழிபெயர்க்க மகன் இருக்கும்போது அது எதற்கு என்பார்கள். மகன் முன்னால் சில சொற்கள் வராது. வந்தவற்றையும் மகன் பதமாக்கித்தான் சொல்வார். அப்படி வந்த பேச்சைக் குறிப்பேட்டில் தந்தையின் பெயரில் ஏற்றக்கூடாது, "மகன் சொன்னார்" என்றே எழுதவேண்டும்.