எத்தனை நாளைக்கு?

நாகேஸ்வர ராவ் பார்க்கில் காலையில் நாலு சுற்று நடந்துவிட்டு பெஞ்சியில் உட்காரும் என்னைப் போன்றவர்களுக்குப் பேச விஷயம் குறைவதே இல்லை. சர்க்கரை, முழங்கால், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை என்று சுற்றிக்கொண்டிருக்கும் பேச்சு, கல்லூரி அட்மிஷன் காலம் வந்ததும் ஓர் இடத்தில் வந்து படுத்துக்கொள்ளும். இந்த வருஷமும் படுத்துக்கொண்டது.

"என் பேரன் என்ன பாவம் பண்ணினான்?" என்றார் இன்ஜினியர். ரிடையராகிப் பல வருஷம் ஆகியும் எங்களுக்கு அவர் இன்ஜினியர்தான். "கொள்ளுத்தாத்தா யாரையோ தள்ளி நிற்கச் சொன்னாராம். அதுக்கு இவன் ஸீட்டை விட்டுக் கொடுக்கணுமாம். பத்து வருஷத்துக்குன்னு சொல்லித்தானே ஆரம்பிச்சா? எத்தனை நாளைக்கு ஸார் இது?"

பதினேழு வயசுப் பையனின் ஏமாற்றத்தை நான் லேசாக எண்ணுகிறவனல்ல. இரவெல்லாம் கண் விழித்துப் படித்தவனிடம் ஆயிரம் வருஷச் சரித்திரத்தைச் சொன்னால் ஆறுதலா கிடைக்கும்? கேள்வியும் நியாயமான கேள்விதான். முடிவே இல்லாத பரிகாரம் ஒன்று உண்டென்றால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது.

பத்து வருஷக் கணக்கு மட்டும் தப்பு. சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய தொகுதிகளுக்குத்தான் அரசியல் சட்டம் பத்து வருஷம் என்று கெடு வைத்தது. அதையும் பத்துப் பத்து வருஷமாக நீட்டி இப்போது 2030 வரை வந்திருக்கிறது. படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் யாரும் கெடு வைக்கவில்லை.

இன்னொரு விஷயம். இந்த ஏற்பாடு ஒரு தடவை முடிந்தே போயிற்று. முடித்து வைத்தது நம் பேட்டைதான் என்று கொஞ்சம் பெருமையோடும் கொஞ்சம் சங்கடத்தோடும் சொல்லிக்கொள்ளலாம். சென்னை ராஜ்யத்தில் அப்போது கம்யூனல் ஜி.ஓ. இருந்தது. பதினான்கு இடம் என்றால் பிராமணரல்லாத ஹிந்துக்களுக்கு 6, பிற்பட்ட ஹிந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 1, கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் சேர்த்து 1. இதை எதிர்த்து 1950-ல் செண்பகம் துரைராஜன் என்ற அம்மாள் ஹைகோர்ட்டுக்குப் போனார். மெடிகல் காலேஜுக்கு அவர் மனுவே போடவில்லை. போட்டாலும் கிடைக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். கிண்டி இன்ஜினியரிங் காலேஜுக்கு மனுப் போட்ட ஸ்ரீனிவாசன் என்ற பையனும் கோர்ட்டுக்குப் போனான். அவன் வாங்கிய மார்க் 450-க்கு 369. அவனுக்காக வாதாடியவர் இதே லஸ் சர்ச் ரோட்டில் குடியிருந்த அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயர், அரசியல் சட்டத்தை எழுதிய குழுவில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர். 1951 ஏப்ரல் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் ஜி.ஓ. செல்லாது என்று சொல்லிவிட்டது.

முடிந்ததா? பெரியார் 1950-லேயே கிளர்ச்சி தொடங்கியிருந்தார். 1951 ஜூனில், தீர்ப்பு வந்து மூன்று மாசம்கூட ஆகாதபோது, நேருவின் சர்க்கார் அரசியல் சட்டத்தையே முதல் தடவையாகத் திருத்தியது. பிறகு 1979-ல் எம்.ஜி.ஆர். பிற்பட்டவர்களுக்கு வருஷ வருமானம் ஒன்பதாயிரம் ரூபாய் என்று ஒரு வரம்பு கட்டிப் பார்த்தார். 1980 ஜனவரியில் நடந்த பார்லிமெண்ட் தேர்தலில் 39-ல் இரண்டே இடங்கள்தான் அவர் கட்சிக்குக் கிடைத்தன. வரம்பு போயிற்று, 31 சதவிகிதமாக இருந்த பிற்பட்டோர் பங்கு 50 ஆயிற்று. இன்று எல்லாம் சேர்த்து 69. ஓட்டுக் கணக்கு என்று இன்ஜினியர் சொல்லுவார். இருக்கலாம். ஆனால் இத்தனை ஓட்டு ஒரு பக்கம் சேருகிறதென்றால் அங்கே ஏதோ வலி இருக்கிறது என்றும் அர்த்தம்.

பாவத்துக்கு வருகிறேன். இன்ஜினியர் இருக்கும் வீடு அவருடைய தாத்தா சப்-ஜட்ஜாக இருந்து கட்டியது. அந்த வீடு கைக்கு வந்தபோது "நான் என்ன புண்ணியம் பண்ணினேன்?" என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. என் தகப்பனாரின் புத்தக அலமாரி எனக்கு வந்தபோது நானும் கேட்கவில்லை. நம் பழைய ஹிந்து தர்ம சாஸ்திரத்தில் தகப்பன் பட்ட கடனைப் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை தீர்க்கவேண்டும் என்று இருந்தது. 2005-ல்தான் சட்டம் அதை எடுத்தது. சூதாடியும் குடித்தும் பட்ட கடன் பிள்ளையைச் சேராது என்றும் அதே சாஸ்திரம் சொல்லிற்று. ஆகவே 'பாவக் கடன் என்னைச் சேராது' என்று இன்ஜினியர் வாதாடலாம், நல்ல வாதம்தான். ஆனால் கோர்ட்டுகள் இன்னொன்றும் சொல்லி வந்தன: குடும்பச் சொத்திலிருந்து கைக்கு வந்தது எவ்வளவோ, கடன் அவ்வளவு மட்டும். எத்தனை நாளைக்கு என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான அளவு கிடையாது. கையில் அந்தச் சொத்து எத்தனை நாள் இருக்கிறதோ, அத்தனை நாளைக்கு. சொத்து என்றால் வீடு மட்டுமா? வீட்டில் கேட்டு வளர்ந்த இங்கிலீஷ், பரீட்சைக்கு முன்னால் பாடம் சொல்லிக் கொடுக்கிற அத்தை, ஒரு போன் போட்டால் ஆள் தெரிகிற சௌகரியம் எல்லாம்தான்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பெஞ்சியின் மறு கோடியில் டாக்டர் பேசாமல் இருந்தார். செங்கற்பட்டுப் பக்கத்துச் சேரியிலிருந்து, ஒதுக்கிய இடத்தில் சேர்ந்து படித்து, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் முப்பது வருஷம் இருந்தவர். இன்ஜினியருக்கு ரத்த அழுத்தம் பார்ப்பவரும் அவர்தான்.

"நானும் அதைக் கேட்டிருக்கேன் ஸார்," என்றார். "எங்க ஊர்ல நான்தான் முதல் டாக்டர். என் பொண்ணு அடையாறுல கான்வென்ட்ல படிச்சவ. அந்த இடம் எங்க அண்ணன் பையன் மாதிரி ஒருத்தனுக்குப் போயிருக்கணுமோன்னு ரெண்டு ராத்திரி தூக்கம் இல்ல. அப்புறம் வாங்கிக்கிட்டேன். சரியா தப்பான்னு இன்னிக்கும் தெரியல."

"பார்த்தேளா! அவரே ஒத்துக்கறார்!" என்றார் இன்ஜினியர்.

டாக்டர் சிரித்தார். அவருடைய சந்தேகம் சின்னச் சந்தேகமல்ல. 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் கூடி, பட்டியல் வகுப்புகளுக்குள் மேலும் பின்தங்கியவர்களுக்குத் தனியாக ஒதுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். மேலே வந்துவிட்டவர்களை விலக்கவேண்டும் என்று அவர்களில் சிலர் எழுதினார்கள். நம் ராஜ்யத்தில் அருந்ததியருக்கு 3 சதவிகிதம் என்று 2009-லேயே பிரித்துக் கொடுத்தாயிற்று. இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்விதான். டாக்டர் கேட்டால் அந்த இடம் அவர் அண்ணன் பையனுக்குப் போகிறது. இன்ஜினியர் கேட்டால் அவருடைய பேரனுக்கு வருகிறது. கேட்கிறவர் யார் என்பதால் ஒரு கேள்வி பொய்யாகிவிடாது, வாஸ்தவம். ஆனாலும் டாக்டர் கேட்டது என் மனசில் தைத்த மாதிரி இன்ஜினியர் கேட்டது தைக்கவில்லை.

வெயில் ஏறியதும் எழுந்தோம். டாக்டர் பஸ் ஸ்டாப்புக்குப் போனார். இன்ஜினியரோடு அவர் வீடு வரை நடந்தேன். மாடிப் போர்ஷன் சித்திரையிலிருந்து காலி. கேட்டில் அட்டை தொங்கிற்று: 'வாடகைக்கு. வெஜிடேரியன் மட்டும்.' நல்ல குடித்தனமாக இருந்தால் சொல்லுங்கள் என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். டாக்டரின் பெண்ணுக்கு இப்போது ராயப்பேட்டையில் வேலை, மயிலாப்பூரில் வீடு தேடுகிறாள். டாக்டரே ஒரு மாசத்துக்கு முன்னால் என்னிடம் சொன்னார்.

ஒரு மாசமாக இருவருக்கும் நடுவில் அந்தப் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறேன். அவரிடம் இந்த மாடியைப் பற்றியும் இவரிடம் அந்தப் பெண்ணைப் பற்றியும் நான் வாயைத் திறக்கவில்லை. அன்று காலையும் திறக்கவில்லை.